பழைய லான்ட் றோவர்கள் இன்னும் ஓடும்போது இராணுவங்கள் ஏன் புதிய வெளிநாட்டு வாகனங்களை வாங்குகின்றன?

கேள்வி கேட்டவர் ஒரு ஜீப்புக்குக் கீழே ஒருநாளும் படுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். படுத்திருந்தால் "இன்னும் நல்லாத்தானே ஓடுது, வெளிநாட்டுக் கம்பனிக்குக் காசு கொடுக்கத்தானே இந்த மாற்றமெல்லாம்" என்று எழுதியிருக்க மாட்டார். கோபிக்க வேண்டாம் தம்பி. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆற்றைக் கடக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்தால் ஏலத்தில் ஒன்று எடுப்போமா என்று யோசிக்கிற ஆள் போலத் தெரிகிறது. அப்படியான பெடியன்கள் கனபேர் என்னோடு கதைத்திருக்கிறார்கள்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் இருந்துகொண்டு இராணுவ வாகனத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கீழே தொடங்க வேண்டாம். நான் மெக்கானிக். மாங்குளம் பக்கம் கராஜ் வைத்திருக்கிறேன். எந்த இராணுவம் என்ன வாங்க வேண்டும் என்பது என்னுடைய கவலை இல்லை. வாகனத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லான்ட் றோவர் 1948இல் வந்தது. போர் முடிந்து பிரிட்டனில் உருக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கீழே வாகனத்தைத் தாங்குகிற சட்டம் (சேசி) மட்டும் இரும்பு. இதை விளங்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே அலுமினியம் துருப்பிடிக்காது, பார்க்க வடிவாக இருக்கும். கீழே சட்டமும், முன்பக்கம் கால் வைக்கிற இடத்துத் தகடும் அரித்துக்கொண்டு போகும். அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் ஈரம் நின்றால் இன்னும் கெதியாக அரிக்கும்.

அடுத்தது பாரம். அந்தக் காலத்து ஜீப் நாலைந்து பேரையும் ஒரு றேடியோவையும் ஏற்றத்தான் செய்தது. இப்போது கருவிகள், மேலதிக பற்றரி, கவசத் தகடு என்று ஏற்றுகிறார்கள். இந்திய இராணுவத்தின் மாருதி ஜிப்சி ஜீப் 500 கிலோ பாரம் ஏற்றுகிற வகுப்பு. அதற்குப் பதிலாக 2017இல் ஓடர் கொடுத்த 3,192 டாட்டா சபாரி ஸ்டோம்கள் 800 கிலோ வகுப்பு. அவுஸ்திரேலியா இசுசு டீசல் எஞ்சின் போட்ட பெரென்டி லான்ட் றோவர்களை விட்டுவிட்டு பென்ஸ் ஜி-வாகனுக்குப் போனது. பிரான்ஸ் பழைய பி4 (P4) ஜீப்பை விட்டுவிட்டு போர்ட் எவரெஸ்டை அடிப்படையாக வைத்துச் செய்த விரி4 (VT4) வாகனத்தை எடுத்தது. எல்லோரும் தரகுக் காசுக்காகத்தான் செய்தார்கள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். காசு விளையாடாத இடமில்லை, அதையும் மறுக்கவில்லை.

பழையதை வைத்து இழுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டனின் ஸ்னாட்ச் லான்ட் றோவர் இருக்கிறது. வட அயர்லாந்துத் தெருக்களுக்காகச் செய்த மெல்லிய கவச வாகனம். அதையே ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பினார்கள். வீதியோரக் குண்டுகளில் 37 பேர் அதற்குள் செத்தார்கள். மாற்று வாகனம் கொடுக்கத் தாமதித்ததை ஈராக் போரைப் பற்றி விசாரித்து 2016இல் வந்த சில்கொட் அறிக்கை கண்டித்தது. அடிப்பக்கம் வி வடிவில் இருந்தால் வெடி பக்கவாட்டில் சிதறும் என்பது எங்களுடைய ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இராணுவத்தின் பவள் கவச வாகனத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இனி என்னுடைய கதை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒட்டுசுட்டான் பக்கம் வேலை செய்த ஒரு கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கு வாகனம் பார்த்தேன். பெயர் வேண்டாம். அவர்களிடம் இருந்தவை 300 ரிடிஐ (Tdi) டீசல் எஞ்சின் போட்ட பழைய டிஃபென்டர் லான்ட் றோவர்கள். அந்த எஞ்சின் ஓடுவதற்கு கொம்பியூட்டர் தேவையில்லை. பம்புக்குப் போகிற ஒரு வயருக்கு கரன்ட் கொடுத்தால் போதும். ஒருநாள் மேலிடம் முடிவெடுத்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு புதுப் பிக்கப்புகளை இறக்கினார்கள். கொம்பியூட்டர் பார்த்து டீசல் அடிக்கிற கொமன் றெயில் எஞ்சின், ஏசி, காற்றுப்பை, எல்லாம் இருந்தது. அதில் ஒன்றை அம்புலன்சாக மாற்றினார்கள்.

கார்த்திகை மழையில் சாரதி போன் எடுத்தான். "அண்ணை, மஞ்சள் லைட் பத்துது, மிதிச்சாலும் எடுக்குதில்லை." போய் பில்டரைக் கழற்றினால் பாதி தண்ணீர். முகாமில் பரலில் வைத்து ஊற்றிய டீசல், மூடி சரியில்லாமல் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. பழைய எஞ்சின் என்றால் தண்ணீரை வடித்து, கையால் பம்ப் அடித்துக் காற்றெடுத்து விட்டிருப்பேன். இது ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்கிற சாமான், தண்ணீர் உள்ளே போனால் இன்ஜெக்டர் தாங்காது. பில்டரை மாற்றியும் எஞ்சின் இழுக்கவில்லை. என்ன பிழை என்று பார்க்க ஸ்கானர் வேண்டும். அது கொழும்பில். "லொறியில் ஏற்றி அனுப்புங்கோ" என்றார்கள்.

கண்ணிவெடி வேலையில் ஒரு விதி உண்டு, காயப்பட்டவரை ஏற்ற வாகனம் நிற்காவிட்டால் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. அம்புலன்ஸ் போனதோடு வேலை நின்றுவிட்டது. அங்கே வேலை செய்தவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள், பலர் தனியாகக் குடும்பம் பார்க்கிறவர்கள். கூடாரத்துக்குள் குந்திக்கொண்டிருந்தார்கள்.

ஏலத்துக்கென்று ஒதுக்கி நிறுத்தியிருந்த டிஃபென்டர் ஒன்றுக்கு பற்றரி போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தேன். உடனே பிடித்தது. "பார்த்தியா, பழசுதான் ராசா" என்று இப்போது துள்ளுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வாகனம் மாறினால் காயப்பட்டவரை ஏற்றிப்போகிற ஒத்திகை செய்ய வேண்டும். கட்டிலில் ஒருவரைக் கிடத்தி, மருத்துவப் பிள்ளையைப் பக்கத்து வாங்கில் இருத்தி, கிறவல் றோட்டால் முல்லைத்தீவு ஆஸ்பத்திரிப் பக்கம் விட்டோம். சேலைன் போத்தலை அவளால் பிடிக்க முடியவில்லை, தன்னைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. இறங்கியதும் சொன்னாள்: "அண்ணை, வெடியில தப்பினாலும் உங்கட ஜீப்பில தப்பேலாது."

பிறகு நான் மேலிடத்தோடு சண்டை பிடித்து ஒரு ஸ்கானர் எடுப்பித்தேன். டீசல் லைனில் தண்ணீர் பிரிக்கிற இன்னொரு பில்டர் போட்டேன். பரல்களை மழையில் நனையாமல் கொட்டிலுக்குள் ஏற்றினோம். அதே பிக்கப்புகள் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடின, சாரதிமாரின் முதுகுநோவுக் கதையும் குறைந்தது. வாகனம் வாங்கியவர்கள் அதைத் திருத்துகிற கருவியையும் ஆளையும் வாங்க மறந்ததுதான் பிரச்சினை. இராணுவத்துக்கும் அதே கணக்குத்தான். உதிரிப்பாகத்தையும் பயிற்சியையும் ஒப்பந்தத்தில் சேர்க்காமல் புதுசு இறக்கினால் அந்த மாற்றம் வீண்.

வன்னி ஆக்கள் பழசைக் கொண்டாடுவதற்குக் காரணம் எனக்கும் தெரியும். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்த வித்தையை வேறு வழியில்லாமல் பழகினோம். விரும்பி யாரும் அந்தப் புகையைக் குடிக்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு நாடு முழுக்கப் பழசுகளின் விலை ஏறியதும் அப்படித்தான். புதுசு வராதபடியால் ஏறியது. தரம் கூடி ஏறவில்லை.

பழைய வாகனம் என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும். 2009இல் எங்கள் அப்பாவின் மசி பெர்குசன் உழவு மெசினைப் புதுமாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம். பிறகு குவித்து வைத்திருந்த வாகனங்களுக்குள் அதைக் கண்டேன். பெட்டிக்கு நானே வைத்த ஒட்டு அப்படியே இருந்தது. அலுவலகத்தில் பதிவுப் புத்தகம் கேட்டார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவனிடம் புத்தகம். எஞ்சின் நம்பர் சொன்னேன், சட்ட நம்பர் சொன்னேன், கிராம சேவையாளர் கடிதமும் கொடுத்தேன். "பிறகு வாங்கோ" என்றார்கள். பிறகு போனபோது மெசின் அந்த இடத்தில் இல்லை. யார் எடுத்தார்கள் என்று சொல்ல ஆளும் இல்லை. அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள், சொல்லுங்கள்.

ஏலத்தில் ஜீப் எடுக்கிற யோசனை இன்னும் இருந்தால், பெயின்டைப் பார்க்காதீர்கள். சுத்தியல் ஒன்று கொண்டுபோய் சட்டத்தின் பின்பக்கக் குறுக்குத் துண்டைத் தட்டுங்கள், மொத்தென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். கால் மிதிக்கிற இடத்தில் றபர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். முன்சில்லுக்குப் பின்னால் இருக்கிற உருண்டையில் குழி விழுந்திருந்தால் எண்ணெய் நிற்காது. இவ்வளவும் சரி, பதிவுப் புத்தகமும் கையில் தருகிறார்கள் என்றால் விலை பேசுங்கள். அதன் பிறகு கராஜுக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். ஏசி போடச் சொல்லி மட்டும் கேட்க வேண்டாம்.