வெள்ளைக்காரன் அட்டையும் தோட்டத்து முகவரியும்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய வீட்டை ஒழித்தபோது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் தீபாவளி, பொங்கல் வாழ்த்து அட்டைகள் உறையோடு கட்டுக்கட்டாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் வெறும் பெயர்தான். ஒரு வரி நலம் விசாரிப்புகூட இல்லை. துரைமாரைப் பார்த்துத் தொற்றிய வெற்றுப் பகட்டுதானே இது? இன்று வாட்ஸ்அப்பில் படம் தள்ளிவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

க.மா., கிள்ளான், மலேசியா

அன்புள்ள க.மா.,

துரைமாரிடமிருந்து வந்த வழக்கம்தான், மறுக்கவில்லை. பகட்டு என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1840க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், அதுவும் தூரத்தைப் பொறுத்து. அந்த ஆண்டு ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி நாடு முழுக்க ஒரு பென்னி என்றானது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோல், 1843 கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி வாழ்த்து அட்டையாக அச்சடித்தார். கடையில் விலை ஒரு ஷில்லிங், அதாவது தபால் செலவைப்போல 12 மடங்கு. படத்தில் குடும்பமே மது அருந்துகிறது, குழந்தை வாயிலும் கோப்பை. மதுவிலக்குக்காரர்கள் விடுவார்களா? பிடித்துக்கொண்டார்கள். வண்ண அச்சு மலிந்து, 1870இல் அரைப் பென்னித் தபாலும் வந்த பிறகுதான் சாதாரண வீடுகளுக்கு அட்டை போய்ச் சேர்ந்தது.

கோலுக்கு எழுத நேரமில்லை. உங்கள் பாட்டி காலத்து ரப்பர்த் தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. பால் வெட்டப் போகும் பெண் ஒரு கடிதம் போட வேண்டுமென்றால் தமிழ்ப்பள்ளி வாத்தியாரையோ தோட்டத்து எழுத்தரான கிராணியையோ தேடிப் போக வேண்டும். கிராணி முன்னால் உட்கார்ந்து மருமகளைப் பற்றி என்னத்தைச் சொல்ல? அட்டையில் அந்தச் சங்கடம் இல்லை. குத்துவிளக்கு, லட்சுமி, நாலு வரி வாழ்த்து எல்லாம் சிவகாசியிலேயே அச்சாகி வந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பெயரை எழுதினால் போதும். இன்னொன்று, உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி அனுப்பினால் அப்போது இங்கே தபால் கட்டணம் குறைவாக இருந்தது. திறந்த உறைக்குள் யாராவது வீட்டு விஷயத்தை எழுதுவார்களா?

ஆனால் சேதியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காத பலர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். பின்னால் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது இன்னும் பல லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், காலியாயின. ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவில் இருந்தவர்களில் ஒருவர் கிள்ளானில், ஒருவர் நாகப்பட்டினம் பக்கம். வருஷத்துக்கு ஒருமுறை அட்டை வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். உறையில் அனுப்புநர் முகவரி மாறியிருந்தால் அதுதான் சேதி. தோட்டத்து டிவிஷன் பெயர் போய் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயர் வந்திருக்கும், இல்லையென்றால் அடுக்குமாடி எண். வரவே இல்லையென்றாலும் பாட்டிக்குப் புரிந்திருக்கும்.

வாட்ஸ்அப் வாழ்த்தை நான் பழிக்கவில்லை, எனக்கும் தினம் இருபது வருகிறது. ஆனால் எந்த ஊருக்குக் குடிபோனாலும் கைப்பேசி எண் அதேதான், அனுப்பியவர் எங்கிருக்கிறார் என்று அதில் தெரியாது.

அதனால் அட்டையை விட்டுவிட்டு முதலில் உறைகளைப் பாருங்கள். அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் படிக்க முடிந்தால் ஆண்டுவாரியாக அடுக்குங்கள். தபால்தலை சேர்க்கும் பிள்ளைகள் கேட்டால் மூலையைக் கிழித்துக் கொடுத்துவிடாதீர்கள், முத்திரையும் அதோடு போய்விடும். மலாய், சீன நண்பர்கள் அனுப்பிய ஹரிராயா (நோன்புப் பெருநாள்), சீனப் புத்தாண்டு அட்டைகளும் அந்தக் கட்டில் இருந்தனவா? அதை எழுதவில்லையே.