நீல மாளிகையும் அபின் குத்தகையும்

அன்புள்ள அக்கா,

சென்ற மாதம் மலேசியாவின் பினாங்கு போயிருந்தேன். லீத் தெருவில் சியோங் ஃபாட் சீ என்ற சீன வணிகர் கட்டிய நீல மாளிகையைப் பார்த்து அசந்துபோனேன். சீனாவிலிருந்து வெறுங்கையோடு வந்து, டச்சுக்காரர் ஆண்ட பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தண்ணீர் சுமந்தவராம்! உழைப்பு என்றால் இதுவல்லவா? நம்மவர்களில் ஏன் இப்படி ஒருவர் வரவில்லை? அவருடைய ஒயின் தொழிற்சாலை பற்றி விரிவாக எழுதுங்களேன்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

ஒயின் தொழிற்சாலை 1892இல் சீனாவின் யான்தாய் துறைமுகத்தில் தொடங்கியது. சாங்யூ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. அது போதும். 'நம்மவர்களில் ஏன் இல்லை' என்று கேட்கிறீர்களே, அதே ஊரில் காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகர் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் பார்க்காமலா திரும்பினீர்கள்? பார்க்காமல் வந்துவிட்டு இல்லை என்று எழுதுவது தப்பு.

'உழைப்பு என்றால் இதுவல்லவா' என்ற வரிக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1840இல் தென்சீனாவின் குவாங்டோங்கில், ஹக்கா என்ற சீனச் சமூகத்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மீசை அரும்பும் வயதில் கடல் கடந்த அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் நெஞ்சு இளகுகிறது. ஆனால் தண்ணீர் சுமந்த கூலியில் 38 அறை மாளிகை எழும்பாது. மாமனார் கைகொடுத்தார். சியோங் டச்சுப் படைக்குச் சரக்கு கொடுத்தார். அப்புறம் வந்தது அபின், சாராயக் குத்தகை.

அது எப்படி நடந்தது தெரியுமா? அபின் விற்கும் உரிமையை அரசு ஏலம் விடும். எடுத்தவர் அரசுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, கச்சா அபினைக் காய்ச்சி விற்பார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் காய்ச்சியது பெரும்பாலும் கல்கத்தாவில் ஏலம்போன வங்காள அபின். வாங்கியது யார்? வெள்ளீயச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் முதுகொடிந்த சீனக் கூலிகள். வலி தெரியாமலிருக்கப் புகைத்தார்கள், கடனுக்கும் புகைத்தார்கள். பல இடங்களில் சுரங்க முதலாளியே குத்தகையில் பங்காளி. கொடுத்த கூலி அவர் பெட்டிக்கே திரும்பிவிடும். காசு சேராதவன் வேலையை விடவும் முடியாது, ஊர் திரும்பவும் முடியாது. சிங்கப்பூர் அரசின் வருமானத்தில் பல ஆண்டுகள் பாதிக்கு அருகில் அபின் பணம்தான்.

என் தாத்தா மலேசியாவின் கெடாவில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். சம்பள நாளில் பாட்டி தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் போய் நிற்பாள். கடையை நடத்தியது தோட்ட நிர்வாகம். தாத்தாவைக் குடிகாரன் என்றார்கள், பள்ளிக்கூடம் கட்டிய துரையைத் தர்மவான் என்றார்கள். அதனால் மாளிகை வாசலில் என்னால் சும்மா அசந்து நிற்க முடியாது தம்பி.

சியோங்கும் 1904இல் பினாங்கில் சீனப் பள்ளி தொடங்க முன்நின்றவர்தான், மறுக்கவில்லை. 1916இல் அவர் இறந்தபோது டச்சு, பிரிட்டிஷ் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. குத்தகைப் பணம் வாங்கிய அரசுகளின் கொடிகள்!

மறுபடி போனால் வழிகாட்டியிடம் அபின் குத்தகை பற்றிக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா