மடிக்கிற கையில் குறை இல்லை

கேள்வி: எங்கள் மர அலமாரியில் மூன்று டிராயர்கள். என் பிளவுஸ், உள்பாவாடை, நைட்டி, வீட்டுக்காரரின் பனியன், துண்டு எல்லாம் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மடித்து அடுக்கினால் புதன்கிழமைக்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது. வளைகாப்பு முடிந்து மகள் அடுத்த மாதம் வருகிறாள், அவளுக்கு ஒரு டிராயரை ஒழித்துத் தர வேண்டும். ஆன்லைனில் விற்கிற தடுப்புப் பெட்டிகளை வாங்கலாமா? பாச்சை உருண்டை எத்தனை போடலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். மகளுக்கும் குழந்தைக்கும் ஒதுக்குகிற டிராயரில் பாச்சை உருண்டை ஒன்றுகூட வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்கிற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு இந்த நாப்தலின் பட்டாலோ, அதன் ஆவியைச் சுவாசித்தாலோ ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரை போகலாம். அந்தக் குறைபாடு இருப்பது பார்த்தால் தெரியாது. நம் வீடுகளில் பழைய பருத்திப் புடவையையும் வேட்டியையும் குழந்தைத் துணிக்கென்று பத்திரமாக எடுத்து வைப்போம், அதோடு பூச்சி வரக்கூடாதென்று இந்த உருண்டையையும் போட்டு வைப்போம். அப்படி வைத்த துணி இருந்தால் குழந்தைக்கு அதைத் தொடாதீர்கள், உருண்டை வாசமே படாத துணியாகப் பார்த்து, துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். டிராயரும் அப்படித்தான், இதுவரை உருண்டை போடாத டிராயர் எதுவோ அதையே மகளுக்குக் கொடுங்கள்.

சரி, இப்போது கலைகிற விஷயத்துக்கு வருவோம். உங்கள் மடிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருக்கிற பச்சை பிளவுஸை எடுக்க மேலே இருக்கிற ஏழெட்டையும் கிளறித்தான் ஆகவேண்டும், அதிலும் காலையில் குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் யார் பொறுமையாகத் தூக்கி வைத்து எடுப்பார்கள்? அதனால் டிராயருக்குள் துணியைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள். நைட்டியோ லெக்கின்ஸோ பனியனோ, முதலில் நீளவாக்கில் ஒரு பட்டையாக மடித்து, அப்புறம் அதைக் குறுக்கே இரண்டு மூன்று மடிப்பு மடித்தால் கையடக்கமாக, தானாக நிற்கும். டிராயரின் விளிம்புக்கு இரண்டு விரல் தாழ்வாக இருக்கும்படி மடியுங்கள், இல்லையென்றால் மூடும்போது மேலே இடித்துச் சிக்கிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே பார்வையில் தெரியும், ஒன்றை உருவினால் மற்றவை அசையாது.

ஆனால் இதைச் செய்வதற்கு முன்னால் டிராயரில் இருந்து நிறைய வெளியே போக வேண்டும், அதைச் செய்யாமல் எப்படி மடித்தாலும் பயன் இல்லை. பெரிய பிரச்சினை பிளவுஸ்தான் என்று நினைக்கிறேன். புடவையைக் கொடுத்த பிறகும் அதன் பிளவுஸை வைத்திருப்போம், இளைத்தால் போடலாம் என்று சில, தங்கை கல்யாணத்துக்குத் தைத்தது என்று ஒன்று. எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றையும் நிஜமாகவே போட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருப்பதை உடனே ஒதுக்க வேண்டாம், உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான டெய்லர்கள் பக்கத் தையலில் துணி விட்டிருப்பார்கள், ஒரு தையலைப் பிரித்தாலே சரியாகிவிடும். அப்படிப்பட்டவை எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய், பை வாசல் பக்கம் தொங்கட்டும், அந்த வாரமே டெய்லரிடம் போகட்டும். மறுபடி டிராயருக்குள் போட்டால் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

பட்டுப்புடவை பிளவுஸ்களுக்கு டிராயரில் வேலையே இல்லை. வருடத்துக்கு நான்கு விசேஷத்துக்குப் போடுவது, தினமும் திறக்கிற இடத்தில் எதற்கு? புடவையின் மடிப்புக்குள் சொருகி வைப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. மழைக்காலத்தில் இரும்பு ஹூக் துருப்பிடித்துப் பட்டில் கறை விட்டால் போகவே போகாது. பிளவுஸை ஒரு மெல்லிய பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி, புடவைக்குப் பக்கத்தில் பீரோவில் வையுங்கள். தினசரி பிளவுஸ்களையும் ஹூக்கை மாட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டும், மாட்டாத ஹூக் பக்கத்துத் துணியின் நூலைப் பிடித்து இழுத்துவிடும். கப் வைத்த பிளவுஸை மட்டும் இரண்டாக மடக்காமல், ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து வையுங்கள்.

உள்பாவாடையில் நாடாதான் தொல்லை, ஒன்றை இழுத்தால் நான்கு கூடவே வரும். நாடாவைத் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளிவிட்டு மடியுங்கள். சாட்டின் பாவாடை வழுக்கும், நிற்காது, அதைச் சுருட்டி ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு அந்தப் பெட்டியையே டிராயருக்குள் வைத்துவிடலாம். தடுப்புக்கு இதே போதும், ஜவுளிக்கடைப் பெட்டி, ஸ்வீட் பெட்டி என்று வீட்டிலேயே கிடக்கும். பணம் கொடுத்து வாங்க வேண்டாம், அப்படியே வாங்கினாலும் வேண்டாத துணியைக் கழித்து, டிராயரின் உள் அளவை எடுத்த பிறகு வாங்குங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டை நமுத்துப் போகும், அப்போது மாற்றிவிடுங்கள். அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், ஈரப்பதத்தில் மை இளகி வெள்ளைப் பனியனில் ஒட்டும். பழைய வேட்டித் துண்டு போதும்.

வீட்டுக்காரரின் பனியனையும் துண்டையும் உங்கள் துணியோடு கலக்காமல் மேல் டிராயரை அவருக்கே முழுசாகக் கொடுத்துவிடுங்கள், அதை அவரே அடுக்கட்டும், அவர் அடுக்குகிற விதம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கை வைக்காதீர்கள். கீழ் டிராயரில் உருண்டை போட்டதில்லை என்றாலும், அதை மகளுக்குக் கொடுக்காதீர்கள். நிறைமாதத்தில் குனிந்து இழுக்க முடியாது, பிரசவம் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் கஷ்டம்தான். நடு டிராயரில் உருண்டை போட்டதில்லை என்றால் அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே இறங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டி வலி இருந்தால் அவரைக் கீழே அனுப்புங்கள். மழையில் மரம் ஊதி டிராயர் இறுகினால், அது ஓடுகிற பள்ளத்தில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள், மகள் ஒரு கையால் இழுத்தாலே வந்துவிடும்.