தொகுக்கத் தொடங்கும் முன்

கேள்வி: விக்கிப்பீடியாவில் எழுத விரும்புகிறேன். விதிமுறைப் பக்கங்களைத் திறந்து பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அனைத்தையும் படித்த பிறகுதான் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அனைத்தையும் படித்து முடித்தவர்கள் மூத்த பயனர்களிலேயே அரிதாகத்தான் இருப்பார்கள். 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது இத்தனை விதிகள் இல்லை. பயனர்களிடையே எழுந்த வாதங்களிலிருந்து அவற்றில் பல ஒவ்வொன்றாகப் பிறந்தன. முதலில், அடிப்படைக் கொள்கைகளைச் சொல்லும் ‘ஐந்து தூண்கள்’ என்னும் பக்கத்தை மட்டும் படியுங்கள். மாற்றவே கூடாத விதி எதுவும் இல்லை என்பது ஐந்தாம் தூண். அதை முதல் வாரத்திலேயே துணைக்கு அழைக்காமல் இருப்பது நல்லது!

புதியவர்களுக்கு உண்மையில் கடினமாக இருப்பது தொழில்நுட்பம் அன்று. ‘இது எனக்கு நன்றாகத் தெரியும்’ என்பது அங்கே சான்றாகாது என்பதை ஏற்றுக்கொள்வதுதான். ஓர் ஆற்றைப் பற்றி முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தவரே எழுதினாலும், வாசகருக்குத் தெரிவது ஒரு பயனர்பெயர் மட்டுமே என்பதால், அவர் சொல்வதும் ஏற்கெனவே வெளியான நம்பகமான நூலிலோ இதழிலோ சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இது அவருடைய புலமையை ஐயுறுவது ஆகாது.

சான்று காட்டச் சொல்கிறார்களே என்று செய்தித்தாளின் பத்தியை அப்படியே ஒட்டிவிடவும் கூடாது. விக்கிப்பீடியாவில் எழுதப்படுவதை எவரும், வணிக நோக்கத்துடனும்கூட, உரிய பெயர்க்குறிப்போடு மறுபயன்பாடு செய்யலாம். பிறர் எழுத்தை அவ்வாறு வழங்கும் உரிமை நமக்கு இல்லை. தகவலை எடுத்துக்கொண்டு, சொந்த நடையில் எழுதுங்கள்.

முழுக் கட்டுரையில் தொடங்காமல், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். விடுபட்ட சான்றைச் சேருங்கள். பயிற்சிக்கு ‘மணல்தொட்டி’ என்னும் சோதனைப் பக்கம் இருக்கிறது.

கேள்வி: என் திருத்தத்தை வேறொருவர் மீளமைத்துவிட்டால், அதாவது நீக்கிப் பழையபடி மாற்றிவிட்டால், என்ன செய்வது?

பதில்: முதலில், கட்டுரையில் நடந்த மாற்றங்களைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதியது பெரும்பாலும் அங்கே பழைய பதிப்பாக இருக்கும்; மீளமைத்தவர், மாற்றத்தோடு இடும் சிறு குறிப்பான தொகுப்புச் சுருக்கத்தில் காரணமும் குறித்திருக்கலாம். காரணம் சரியெனில் திருத்தி எழுதுங்கள். சரியில்லை என்று தோன்றினால், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சான்றுடன் கேளுங்கள். உடனே மீண்டும் பழையபடி மாற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஆங்கில விக்கிப்பீடியாவில், ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவர், அவர் பக்கமே நியாயம் இருந்தாலும், தடைசெய்யப்படலாம். விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்கள். ஆகவே, பதில் வரச் சில நாள்கள் ஆகலாம். அதுவரை வேறொரு கட்டுரையைத் தொகுத்துக்கொண்டிருங்கள்.