அக்கா வீட்டுக்கு மாதாமாதம் அனுப்புவதா, மொத்தமாகக் கொடுப்பதா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அக்காவைப் பாம்பன் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அக்கா கடலில் பாசி எடுக்கிறாள். இரண்டும் பெண் பிள்ளைகள், பெரியவள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. வெளியில் மூணு வட்டிக் கடன் வேறு இருக்கிறது. வருடத்துக்கு 24,000 ரூபாய் அவர்களுக்கென்று என்னால் ஒதுக்க முடியும். மாதம் 2,000 அனுப்பவா, ஒரே தடவையில் கொடுக்கவா? "பணமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார், அரிசி பருப்பு வாங்கிப் போடு" என்கிறார் அம்மா. இன்னொரு சிக்கல்: மகளிர் உரிமைத் தொகை வந்ததாக அக்கா போனுக்கு மெசேஜ் வருகிறது, பாஸ்புக்கில் ஏறவில்லை.

பதில்: அரிசி யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வீட்டில் இல்லாதது கையில் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ்ஸுக்கு முப்பது ரூபாய், பள்ளியில் நோட்டு கேட்கிறார்கள், சொந்தத்தில் ஒரு விசேஷம் என்று வரும்போது அரிசி மூட்டையை நீட்ட முடியாது. அந்த நேரத்தில்தான் கைமாற்று, கடையில் பற்று, கடைசியில் வட்டிக்காரர்.

இந்த வட்டியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 10,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் 300 ரூபாய் வட்டியாகவே போகும், அசல் அப்படியே நிற்கும். அதனால் என் யோசனை இரண்டையும் கலந்தது: 10,000 ரூபாயை ஒரே தடவையில் கொடுத்துக் கடன் அசலைக் குறைக்கச் சொல்லுங்கள். மீதி 14,000 மாதாமாதம் போகட்டும். பத்து மாதம் 1,000, மே, ஜூன் இரண்டு மாதம் மட்டும் 2,000. வட்டியில் 300 மிச்சமாவதால், நீங்கள் அனுப்பும் 1,000 அந்த வீட்டுக்கு 1,300 ஆகிவிடுகிறது. வேறு எதில் போட்டாலும் இந்த வருமானம் வராது. மொத்தப் பணத்தை உண்டியல் மாதிரி அக்கா பெயரில் வங்கியில் போட்டு வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மூணு வட்டிக் கடன் நிற்கும்போது வங்கிச் சேமிப்பு நஷ்டக் கணக்குதான்.

மே, ஜூன் ஏன் என்றால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் மச்சானுக்குக் கூலி இல்லை. அரசின் தடைக்கால நிவாரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அது 5,000-லிருந்து 8,000 ரூபாய் ஆக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் படகு நின்ற அன்றே அது கைக்கு வந்துவிடுவதில்லை. ஜூனில் பள்ளியும் திறந்துவிடும். இந்த இடைவெளியில் வாங்கும் கடன்தான் வருடம் முழுக்கப் பின்னால் வருகிறது. எனவே அந்த 10,000-ஐ மார்ச் மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள்.

இதில் வெளியில் தெரியாத ஒரு விஷயம் முன்பணம். பாசி வாங்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால், மரிக்கொழுந்துப் பாசியை நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோனாலும் அவர் சொன்னதுதான் விலை. வேறு ஆளிடம் போட முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாறையில் குனிந்து எடுத்த சரக்குக்கு, எடுத்தவளால் விலை கேட்க முடியவில்லை! இந்தத் தீவுப் பக்கத்துப் பெண்களிடம் பேசினால் வருமானம் குறைவு என்பதைவிட இதைத்தான் அதிகம் சொல்வார்கள். மாதம் ஒரு தொகை நிச்சயம் என்று தெரிந்தால் அடுத்த முன்பணத்தைத் தவிர்க்கலாம். கையில் காசு வந்ததும் ஒரு ஏழை வீட்டில் முதலில் மாறுவது இதுதான் என்பது என் கருத்து. கூரையும் பாத்திரமும் அப்புறம்.

மாதமா மொத்தமா என்ற உங்கள் கேள்வியை வெளிநாட்டில் பெரிய அளவிலேயே சோதித்திருக்கிறார்கள். கென்யாவின் கிராமங்களில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. மாதாமாதம் பெற்ற வீடுகளில் சாப்பாடு நிலைப்பட்டது. மொத்தமாகப் பெற்றவர்கள் தகரக் கூரை மாதிரி நீடித்து நிற்கும் பொருட்களில் போட்டார்கள். பின்னர் அங்கேயே நடந்த இன்னொரு பெரிய சோதனையில், மாதப் பணம் பெற்ற பலர் தங்களுக்குள் சேர்ந்து முறை வைத்து மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சீட்டுதான், வேறென்ன! பணம் வந்ததால் சோம்பேறி ஆனதாகவும் தெரியவில்லை. கூலி வேலையைக் குறைத்துச் சொந்தத் தொழிலுக்குத் திரும்பினார்கள். நம் நாட்டிலும் 2011-இல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு, பெரியவர்களுக்கு மாதம் 200, குழந்தைகளுக்கு 100 என்று கொடுத்துப் பார்த்தது. பிறகு அது 300, 150 ஆனது. அந்தச் சின்னத் தொகைக்கே சாப்பாடும் பிள்ளைகளின் பள்ளி வருகையும் மேம்பட்டன.

இனி அம்மாவின் பயம். மருமகன் மேல் மாமியாருக்கு நம்பிக்கை வருவது அபூர்வம், அது கிடக்கட்டும். உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் எழுதியது: உதவிப் பணம் வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. ஆனால் இது மொத்தத்தில் சொன்ன கணக்கு. மச்சான் தினமும் குடிப்பவரா, கரைக்கு வந்த அன்று மட்டும் குடிப்பவரா என்று அம்மாவை விட்டுவிட்டு அக்காவிடம் கேளுங்கள். தினமும் என்றால் பணம் அக்கா கணக்குக்குப் போகட்டும், ஏடிஎம் கார்டு அவள் கையில் இருக்கட்டும், 10,000-ஐ அக்காவோடு நேரில் போய்க் கடன்காரரிடமே கட்டுங்கள். மச்சானுக்குத் தெரியாமல் மட்டும் கொடுக்காதீர்கள். தெரியவரும் நாளில் அடி அவளுக்கு விழும். "பிள்ளைகள் படிப்புக்கு அனுப்புகிறேன் மச்சான்" என்று நீங்களே போனில் சொல்லிவிடுங்கள்.

உரிமைத் தொகை விஷயம் பெரும்பாலும் கணக்குக் குழப்பம். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். எப்போதோ கேஸ் மானியத்துக்கோ, தெருவில் குடை போட்டு உட்கார்ந்தவரிடமோ திறந்த கணக்காக இருக்கலாம். அக்கா போனிலிருந்து *99*99*1# அடித்து ஆதார் எண்ணைப் போட்டால் எந்த வங்கி என்று காட்டும். மை ஆதார் தளத்திலும் பார்க்கலாம். பணம் பெரும்பாலும் தொலைந்திருக்காது, அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கு வேண்டாமென்றால், பாஸ்புக் இருக்கும் கிளையில் ஆதாரை இணைக்க எழுதிக் கொடுக்க வேண்டும். அது குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்கா என்றும் கேட்டுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அபராதம் என்று உரிமைத் தொகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள்.

கைரேகை மெஷினில் எடுப்பதாக இருந்தால் ஒரு தொல்லை உண்டு. பாசி எடுக்கும் பெண்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அப்படியும் பாறை ரேகையைத் தேய்த்துவிடும். ஊறி வெளுத்த விரலை மெஷின் ஏற்காது. கடலுக்குப் போகாத நாளில், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வேறு வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் எடுத்துக் கொடுப்பவர் தனக்கென்று கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, ரசீதைக் கேட்டு வாங்கட்டும். ஏடிஎம் கார்டு வாங்கிவிட்டால் இந்தப் பாடே இல்லை.

உங்கள் மாதப் பணத்தில் முதல் வேலை ஒன்று சொல்கிறேன். அக்கா மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500 ரூபாய் கட்டினால், அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்புகிறது. மச்சானுக்கும் இதே மாதிரி தனித் திட்டம் உண்டு. கட்டக் காசில்லை என்று இதை விட்டுவிடும் வீடுகளைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கும். இருவருக்குமாக 3,000-ஐ, 1,000 அனுப்பும் மாதங்களிலேயே பிரித்துக் கட்டிவிடலாம்.

பெரியவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். அவள் ஆதார் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் இப்போதே, அக்காவுடையதைப் பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள்.