ஆந்தூரியம் பூக்கவில்லை: டானிக் வாங்குமுன் இலையைப் பாருங்கள்

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். போன மாசியில் வத்தலக்குண்டு சாலையோரம் 'டிஷ்யூ கல்ச்சர் ஆந்தூரியம்' என்று பத்துச் செடி வாங்கி, எருவும் மண்ணும் கலந்து தொட்டியில் வைத்தேன். இலைதான் வருகிறது, பூவைக் காணோம். விற்றவர் பூ டானிக் அடிக்கச் சொல்கிறார். இன்னும் நூறு செடி வைத்தால் பூவைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: இரண்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் அது ஆந்தூரியம்தானா என்று பார்த்துவிடலாம்.

இலையும் காம்பும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஆந்தூரியத்துக்கு அங்கே தடித்த முட்டி ஒன்று இருக்கும். சேம்புக்கும், வண்ண இலைக்காக வளர்க்கும் கலேடியத்துக்கும் இருக்காது. பிறகு இலையை வெளிச்சத்தில் பிடியுங்கள். நரம்புகள் வலையாகப் பின்னி, விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு கோடு இலையைச் சுற்றி ஓடினால் அது ஆந்தூரியம். இலை நீண்டு, நரம்புகள் நெருக்கமாக விளிம்புவரை சாய்ந்து போனால் அது பீஸ் லில்லி என்ற வேறு செடி. அதற்கும் முட்டி உண்டு; முட்டியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதைத்தான் 'வெள்ளை ஆந்தூரியம்' என்று தலையில் கட்டுகிறார்கள். ஜிப்ரலிக் அமிலம் தெளித்து விற்பனைக்கென்றே பூக்கவைக்கும் வழக்கம் அதில் உண்டு. அப்படிப் பூத்த செடி வீட்டுக்கு வந்தபின் நெடுநாள் பூக்காமல் நிற்கும்.

ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். கோஸ்டா ரிக்கா பக்கத்து ஆந்தூரியம் ஒன்று, ஷெர்சேரியானம், இதய வடிவ இலை விடாது. ஒடுங்கிய நீள இலைதான். பூத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: சிவப்பு மடலின் நடுத்தண்டு சுருண்டிருக்கும். பூக்காதவரை பீஸ் லில்லி என்றே நினைக்கத் தோன்றும். அப்போது இலையைத் தொடுங்கள். தடித்துத் தோல் மாதிரி இருந்து, விளிம்பை ஒட்டிய கோடும் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மற்றதைவிடக் குளிரையும் கொஞ்சம் தாங்கும்.

கடையில் பூவாக விற்கும் சாதாரண ஆந்தூரியம் கொலம்பியா, ஈக்வடார் மழைக்காட்டுச் செடி. டிஷ்யூ கன்று, அதாவது ஆய்வகத்தில் செடியின் திசுவிலிருந்து வளர்த்த கன்று, பூவெடுக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முற்றிய பிறகு இலைக்கு ஒரு பூ, அந்த இலையின் கணுவிலிருந்தே வரும். உங்களுடையது இன்னும் இளசாக இருக்கலாம். அதைவிட, இருட்டு காரணமாக இருக்கும் என்றே சொல்வேன். சில்வர் ஓக் நிழலுக்கு அடியில் காபிச் செடி நிழலும் சேர்ந்தால் ஆந்தூரியத்துக்கு வெளிச்சம் போதாது. காம்பு நீண்டு இலை கரும்பச்சையானால் அதுதான் அடையாளம். 75 சதவீத நிழல் வலைக்கடியில் வையுங்கள். இலை வெளுத்தால் வெயில் அதிகம்.

எருவும் மண்ணும் கூடவே கூடாது. இதன் வேர் காற்றைத் தேடும் வேர்; மண் இறுகினால் அழுகிவிடும். தேங்காய் மட்டையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவைத்து உப்பை இறக்குங்கள். அதோடு கரித்துண்டு, செங்கல் துண்டு. குருத்து மேலே தெரிய நடவேண்டும். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை போதும். இலை விளிம்பில் நீர்கோத்த புள்ளி தோன்றி மஞ்சளானால் பாக்டீரியா கருகல். அந்தச் செடியை வேரோடு அப்புறப்படுத்துங்கள், கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். மருந்துக்கு அலையாதீர்கள்.

பூவைத் திரும்ப வாங்கும் பேச்சுக்கு வருவோம். நன்றாக வளர்ந்த செடி வருடத்துக்கு ஆறு பூ தரும் என்று வைத்தால், நூறு செடிக்கு 600, வாரத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு பூவுக்காக எந்த வியாபாரி மலையேறி வருவார்? அவருக்கு லாபம் கன்று விற்பதில்தான். பூ வரும் வேளையில் 'காம்பு நீளம் போதாது, மடல் சிறிசு' என்று தட்டிக்கழிப்பார். திசு வளர்ப்புக் கன்றுக்கு மத்திய அரசின் சான்றளிப்பு முறை 2006இலேயே வந்துவிட்டது; சாலையோரத்தில் சான்றையோ ரகப்பெயரையோ யார் காட்டுகிறார்கள்? நீங்களாவது கேளுங்கள். 'டிராபிகல்', 'அக்ரோபோலிஸ்' என்று ரகப்பெயர் எழுதிய பில் இல்லாமல் ஒரு கன்றும் வாங்காதீர்கள். விதைக்கன்றையும் டிஷ்யூ என்றே விற்பார்கள். அதில் பத்துச் செடி பத்து விதமாகப் பூக்கும்.

இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் மார்கழி, தையில் தொட்டி மாற்றாதீர்கள். வலைக்கடியில் நகர்த்தி, தண்ணீரை மட்டும் குறையுங்கள். மட்டைக் கலவைக்குப் பங்குனியில் மாற்றலாம்.