போதைப் பழக்கம் பற்றி மாணவர்களிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். கழிப்பறைப் பக்கம் புகையிலைப் பொட்டலங்கள் கிடக்கின்றன. இரவெல்லாம் செல்போனில் விளையாடிவிட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளைகளும் உண்டு. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை கணக்கெடுப்பு நடத்த நினைக்கிறேன். பெயர் எழுதச் சொன்னால்தான் உதவ முடியும் என்கிறார்கள் ஆசிரியர்கள். கேட்பதே ஆசை காட்டுவதாகிவிடும் என்கிறார்கள் பெற்றோர். என்ன செய்யலாம்?

பதில்: பெயர் வேண்டாம், வருகைப் பதிவு எண்ணும் வேண்டாம். டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சும் பிள்ளை உண்மையை எழுதமாட்டான். கணக்கெடுப்பு பள்ளியின் நிலையை அறிவதற்கு. தனி ஒரு பிள்ளைக்கு உதவுவது ஆலோசகர் தனியறையில் செய்ய வேண்டிய வேலை. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டுமே கெடும்.

பெற்றோரின் அச்சம் புரிகிறது. ஆனால் ஐரோப்பாவில் எஸ்பாட் கணக்கெடுப்பு 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை 15, 16 வயது மாணவர்களிடம் இவற்றைக் கேட்டுவருகிறது. இந்தியாவிலும் 2019-இல் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு பள்ளிகளில் நடந்தது. 13 முதல் 15 வயதுள்ளவர்களில் 8.5 சதவீதத்தினர் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பிச் சம்மதம் பெறுங்கள். விரும்பாத பிள்ளை வெற்றுத்தாளைத் தரலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

கேள்விகளில்தான் அதிகக் கவனம் தேவை. 'போதைப்பொருள் பயன்படுத்துகிறாயா?' என்று கேட்டுப் பயனில்லை; உதட்டில் புகையிலை அடக்கும் சிறுவன் அதைப் போதையாகவே நினைப்பதில்லை. புகையிலை, சிகரெட், பீர், கஞ்சா, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்று உங்கள் ஊரில் புழங்குவதை மட்டும், ஊரார் சொல்லும் பெயரிலேயே, தனித்தனியாகக் கேளுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்ற விவரம் ஒரு சொல்கூட வரக்கூடாது. ஒவ்வொன்றையும் வாழ்நாளில் எப்போதாவது, கடந்த 12 மாதங்களில், கடந்த 30 நாட்களில் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒருமுறை தொட்டுப் பார்த்தவனையும் வாடிக்கையாகப் பயன்படுத்துபவனையும் ஒரே எண்ணிக்கையில் சேர்ப்பது அநியாயம். எஸ்பாட் கையாளும் ஓர் உத்தியையும் பின்பற்றலாம்: இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது. அதற்கு 'ஆம்' போட்ட தாளை நம்பிவிட வேண்டாம்.

செல்போனுக்கு மணிக்கணக்கு மட்டும் போதாது. நிறுத்த முயன்றும் முடியவில்லையா, தூக்கமும் படிப்பும் கெடுவது தெரிந்தும் தொடர்கிறாயா, பணம் கட்டி விளையாடி அதை வீட்டில் மறைத்தாயா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, விளையாட்டு அடிமைத்தனம் என்று சொல்லப் பொதுவாக 12 மாதங்களாவது பாதிப்பு தொடர்ந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவரும் மருத்துவரே.

பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியர்கள் பெஞ்சுகளுக்கிடையே நடக்க வேண்டாம். வெளியாள் ஒருவர் நடத்தட்டும். தாளை உறையிலிட்டு ஒட்டி, அவர்களே பெட்டியில் போடட்டும். அன்று வராதவர்களுக்கு இன்னொரு நாள் நடத்துங்கள். அடிக்கடி மட்டம் போடுபவர்களிடையே பழக்கம் கூடுதலாக இருக்கும். முடிவைப் பிரிவுவாரியாக வெளியிடாதீர்கள். சிறிய பிரிவில் யார் என்று எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் தனிச் சீட்டில் அச்சிட்டு எல்லா மாணவர்களுக்கும் கொடுங்கள். கேட்டு வாங்க வேண்டும் என்றால், தேவைப்படும் பிள்ளை கை நீட்டமாட்டான்.